வேன் வருவதற்கு முன் வண்டிச் சாவியைப் பாருங்கள்

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். வீட்டில் தங்கமான பிள்ளை, தண்ணி லாரி வந்தால் நான் சொல்லாமலே குடம் தூக்குவான். போன மாதம் அவன் சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ராத்திரி 11 மணிக்கு இன்னும் இரண்டு பையன்களோடு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வீலிங் செய்த வீடியோவை என் மகள் காட்டினாள். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. ரயிலிலும் படியில் தொங்கித்தான் போகிறானாம். அவன் அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருப்பார். தெரிந்தவர் ஒருவர், செங்குன்றம் தாண்டி ஒரு மையம் இருக்கிறது, மூன்று மாதம் வைத்திருந்து திருத்தி அனுப்புவார்கள், மாதம் 18,000 ரூபாய், விடியற்காலையில் அவர்களே வேனில் வந்து கூட்டிப் போய்விடுவார்கள் என்கிறார். அனுப்பலாமா டாக்டர்? இவன் பிறவியிலேயே இப்படியா, இல்லை சேர்க்கை சரியில்லையா?"

அம்மா, அனுப்ப வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் போனது போகட்டும், திரும்பக் கேட்டுப் பாருங்கள், வரவில்லை என்றாலும் பிள்ளையை வேனில் ஏற்றாதீர்கள். ஏன் என்று பிறகு விவரமாகச் சொல்கிறேன், முதலில் உங்கள் கடைசிக் கேள்வி.

பிறவிக் கோளாறு இல்லை. சேர்க்கை என்று நீங்கள் சொல்வதும் பாதிதான் சரி. பதின்வயதில் மூளையில் பரபரப்பைத் தேடும் பகுதி முதலில் முழித்துக்கொள்கிறது, "இரு, யோசி" என்று பிடித்து இழுக்கும் நெற்றிப்பக்கப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுசாகத் தயாராகிறது. இதை ஆக்ஸிலேட்டர் வந்துவிட்டது பிரேக் வரவில்லை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. உங்கள் பையனுக்கு பிரேக் இருக்கிறது, வீட்டில் நன்றாகவே பிடிக்கிறது, குடம் தூக்குகிறானே. பிரேக் பிடிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான்: நாலு பசங்க பார்த்துக்கொண்டிருக்கும் இடம்.

அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், மார்கோ கார்ட்னர் இருவரும் 2005-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். திரையில் கார் ஓட்டும் விளையாட்டு, மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பது. பாதிப் பேரைத் தனியாக ஓட்டவிட்டார்கள், மீதிப் பேருக்குப் பக்கத்தில் சிநேகிதர்களை உட்காரவைத்தார்கள். 13 முதல் 16 வயது வரை உள்ள பசங்க, கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களுக்கு யார் பார்த்தாலும் ஒன்றுதான், பெரிய வித்தியாசம் இல்லை. வெறும் வீடியோ கேமிலேயே இப்படி என்றால் எண்ணூர் ரோட்டில் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். 

தாடையில் ஏழு தையலோடு ஒரு பையன் என்னிடம் வந்தான், உங்கள் மகன் வயசுதான். எப்படிப்பா ஆச்சு என்றால் ரோடு, மணல், லாரி என்று என்னென்னவோ சொன்னான். கடைசியில், அம்மா மாத்திரை வாங்க வெளியே போனதும் மெதுவாகச் சொன்னான், "ஃபர்ஸ்ட் டைம் சரியா வரல சார், அவன் இன்னொரு வாட்டி எடுக்கலாம்னான், அதான்." எடுக்கலாம் என்றால் போனில். அந்த இரண்டாவது டேக்தான் ஏழு தையல். இன்னொரு விஷயம், அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் வராந்தாவில் நின்றார்கள், கதவு திறந்திருந்தவரை அவன் குரல் ஒரு மாதிரி, கதவைச் சாத்தினதும் வேற மாதிரி. நம் ஏரியாவில் கெத்து என்று சொல்கிறோமே, அது ஆள் பார்க்காத இடத்தில் செல்லுபடியாகாத காசு. இப்போது போன் வந்த பிறகு பார்க்கிற ஆள் ரோட்டில் நிற்கவேண்டும் என்றுகூட இல்லை, பாக்கெட்டிலேயே கூட்டம் இருக்கிறது.

அதனால், "அடிபட்டா செத்துப்போவடா, உனக்குத் தெரியலையா" என்று கேட்காதீர்கள். தெரியும். இந்த வயதுப் பசங்களிடம் கேட்டால் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுவதில்லை, பல விஷயத்தில் நம்மைவிடக் கூட்டித்தான் சொல்கிறார்கள். தெரிந்தேதான் செய்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, விபத்துப் போட்டோக்களைத் திரையில் போட்டுப் பசங்களைப் பயமுறுத்தச் சொன்னார்கள், நான் மறுத்தேன், வேறு யாரோ வந்து போட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பசங்களில் சிலர் படியில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதை நானே பார்த்தேன். கூப்பிடுகிறவர்களுக்கு வேண்டியது பேப்பரில் வரும் போட்டோ. இந்தக் கூட்டத்துக்கு ஆகும் பணத்தில் ஒரு மனநல ஆலோசகரை வாரம் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் உட்காரவைக்கலாம், யாரும் செய்யமாட்டார்கள்.

சரி, இப்போது வேன்.

இந்த வேன் சமாச்சாரத்தை நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. உங்களிடம் சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் சேர்த்துவிட்டால் அவருக்கு ஒரு தொகை உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குடிப்பவர்களுக்கான மறுவாழ்வு மையம் என்று போர்டு இருக்கும், உள்ளே 40 வயதுக் குடிகாரர், கஞ்சா கேஸ், மனநலம் பாதித்தவர் எல்லோரையும் ஒரே ஹாலில் படுக்கவைத்திருப்பார்கள், நடுவில் உங்கள் 16 வயதுப் பிள்ளை. வீலிங் செய்தது ஒரு வியாதியே இல்லை, எதற்கு அட்மிஷன்?

அப்படியே ஏதோ காரணத்துக்காகச் சேர்க்க வேண்டி வந்தாலும் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைச் சேர்ப்பதற்கு ஒரு மனநல மருத்துவர் மட்டும் பார்த்தால் போதாது, இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்துபோனாலே சரியாகிவிடும் என்றால் சேர்க்கவே கூடாது. பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ அவர்கள் வைக்கும் ஆளோ பிள்ளைகூடவே தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநலச் சீராய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆகவே அந்த மையத்துக்கு ஒரு போன் போட்டு, "நானும் கூடவே தங்கலாமா, பையனை எந்த இரண்டு டாக்டர் பார்ப்பார்கள், உங்கள் பதிவுச் சான்றிதழைக் காட்டுவீர்களா" என்று மூன்று கேள்வி கேளுங்கள். "அதெல்லாம் வேணாம்மா, மூணு மாசம் பார்க்கவே விடமாட்டோம், அப்பதான் திருந்துவான்" என்று பதில் வந்தால் அது எப்பேர்ப்பட்ட இடம் என்று தெரிந்துவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கு நாலு தடியன்கள் வந்து தூக்கத்திலிருக்கும் பிள்ளையைக் கையைக் காலைக் கட்டி ஏற்றுவதற்குப் பெயர் சிகிச்சை கிடையாது. பிற்பாடு அவன் உங்களை மன்னிக்கமாட்டான், அதைவிட முக்கியம், இனி எதையும் உங்களிடம் சொல்லமாட்டான். இந்த மாதிரி இடங்களைச் சோதனை போடவேண்டியவர்கள், ஒரு உயிர் போய் டிவியில் வந்தால் ஒரு வாரம் போடுகிறார்கள், அப்புறம் போர்டு மட்டும் மாறி அதே வேன் ஓடுகிறது.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் நீங்கள் அரை வரியில் தாண்டிப் போன விஷயம். சித்தப்பா பைக். அந்தச் சாவி எங்கே தொங்குகிறது? வீலிங்கைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் அந்த ஆணியிலிருந்து சாவியை எடுங்கள். பரபரப்பு வருகிற நேரத்தில் வண்டி கைக்கு எட்டவில்லை என்றால் பாதி ராத்திரிகள் டீக்கடையோடு முடிந்துவிடும். உங்கள் கொழுந்தனாரிடம் தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் மாட்டப்போவது அவர்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர்தான் குற்றவாளி, மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசன்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்று சொல்லித் தப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வீடியோ வீட்டுக்கே வந்து, எல்லோரும் பார்த்த பிறகும் சாவி அதே ஆணியில் தொங்கினால் யார் நம்புவார்கள்?

இதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில். உங்கள் பையன் யாரையாவது இடித்து அவருக்குக் கால் போய்விட்டால், தீர்ப்பாயம் சொல்லும் நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கட்டினாலும், லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று அந்தப் பணத்தை வண்டிக்காரரிடமிருந்து வசூல் செய்துகொள்ளலாம். லட்சக்கணக்கில் வரும். கொழுந்தனாருக்கு இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள், சாவி தானாக உள்ளே போகும்.

இந்த இடத்தில் கண்டிப்பாக ஒருவர் வந்து, "16 வயசுலயே லைசன்ஸ் உண்டுக்கா, நான் வாங்கித் தரேன்" என்பார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடைப் பக்கம் நிற்பவர். அவர் முழுப்பொய் சொல்லவில்லை, அதுதான் ஆபத்து. 16 வயதில் லைசன்ஸ் உண்டு, பெற்றோர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்க வேண்டும், ஆனால் எஞ்சின் 50 சிசிக்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும். 50 சிசி வண்டி இப்போது எங்கே இருக்கிறது? மீன் கூடை கட்டிக்கொண்டு காசிமேட்டில் நிற்கிறதே எக்ஸெல் 100, அதுவே 99.7 சிசி. பெண்கள் ஓட்டும் சாதாரண ஸ்கூட்டியும் 50-ஐத் தாண்டியதுதான். ஆக அந்த அட்டையை வைத்துக்கொண்டு பையன் ஓட்டக்கூடிய பெட்ரோல் வண்டி கடையில் கிடையாது. சித்தப்பா பைக்கை ஓட்டினால் அந்த அட்டை இருந்தும் இல்லாத கணக்குதான். சரி எலெக்ட்ரிக் வாங்கித் தரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் போகும் சின்ன வண்டிக்கு லைசன்ஸே வேண்டாம், உண்மை. ஆனால் விற்கிறவரே, "லாக்கை எடுத்துவிட்டா 50 போகும் தம்பி" என்று பையன் காதில் சொல்லி அனுப்புவார். லாக்கை எடுத்த நிமிஷம் அது மோட்டார் வாகனம், பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, லைசன்ஸ் இல்லை. அந்த அட்டைக்கும் பணம் கொடுக்காதீர்கள், லாக் எடுத்த வண்டிக்கும் கொடுக்காதீர்கள். 18 ஆகட்டும், முறையாகப் பழகி, நேரில் போய் எட்டுப் போட்டு வாங்கட்டும்.

18 ஆனால் மட்டும் என்ன, அதுவும் ஒரு கூத்துதான். நியூசிலாந்தில் 1987-இலேயே, புதிதாக ஓட்டுபவர் ராத்திரியில் ஓட்டக் கூடாது, துணையில்லாமல் கூட்டாளிகளை ஏற்றக் கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாக விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இன்றைக்கும் அப்படித்தான். ராத்திரியும் கூட்டாளியும் சேர்ந்தால்தான் பிள்ளைகள் சாகிறார்கள் என்று அவர்களுக்குப் புரிந்தது. நம் ஊரில் லைசன்ஸ் கைக்கு வந்த மறுநாளே ட்ரிபிள்ஸ் தவிர எல்லாம் சட்டப்படி சரி.

இன்னொரு புரோக்கர் இருக்கிறார், ஸ்டேஷன் வாசலில். ஒருநாள் பையன் போலீஸ் கையில் சிக்கினால் உடனே போன் வரும், "எஃப்.ஐ.ஆர். போடாம பார்த்துக்கறேன், முப்பதாயிரம் ரெடி பண்ணுங்க." கொடுக்காதீர்கள். சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றம் இல்லையென்றால், பெரியவர்கள் யாரும் அதில் கூட்டு இல்லையென்றால், சிறுவன் மேல் எஃப்.ஐ.ஆர். போடவே கூடாது, பொது நாட்குறிப்பில் எழுதிவைத்துச் சிறார் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது. சட்டமே இலவசமாகக் கொடுப்பதை இவர் உங்களுக்கு விற்கிறார். வக்கீல் வேண்டும் என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இதை ஸ்டேஷனில் ஒரு போர்டில் எழுதி மாட்டினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ரயில் படிக்கட்டு விஷயம் பைக்கைவிடச் சுலபம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே கூட்டத்தை உடைத்தால் போதும். கும்மிடிப்பூண்டி லைனில் காலை நேரத்து வண்டியில் உள்ளே இடமே இல்லாததால் தொங்குகிறவர்களும் உண்டு, அது வேறு. இவன் எந்த வண்டியில், யாரோடு தொங்குகிறான் என்று மகளிடம் கேளுங்கள். அதற்கு முந்தின வண்டியில் போகவைக்க முடியுமா? பதினைந்து நிமிஷம் முன்னால் எழுப்பினால் போதும், அந்தக் கும்பல் இல்லாத வண்டியில் அவன் உள்ளே நின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டு போவான். திருவொற்றியூர் ஹைரோட்டுப் பக்கம்தான் பள்ளிக்கூடம் என்றால் மெட்ரோவில் அனுப்ப முடியுமா பாருங்கள், அதில் கதவு மூடிக்கொள்ளும்.

இனி வீட்டில் என்ன பேசுவது. போனைப் பிடுங்கி நோண்டுவதால் பிள்ளையைப் பற்றித் தெரியவரும் என்று நினைக்கிறோம். ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் வேறு மாதிரி தெரிந்தது, பிள்ளை எங்கே போகிறான் வருகிறான் என்று நன்றாகத் தெரிந்த பெற்றோருக்கு அது தெரிந்தது பெரும்பாலும் வேவு பார்த்ததால் இல்லை, பிள்ளை தானாகச் சொன்னதால். உங்கள் வீட்டில் மகள் வந்து சொல்லியிருக்கிறாள், அந்த வழி திறந்திருக்கிறது, அவளைக் காட்டிக்கொடுத்து அதை அடைத்துவிடாதீர்கள். அவனிடம், "வீடியோவைப் பார்த்தேன், பயந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கூட்டாளிகள் முன்னால் பேசாதீர்கள், வாசலில் நின்று கத்தாதீர்கள், அவர்கள் முன்னால் அவமானப்பட்டால் அதை அவர்கள் முன்னாலேயே ஈடுகட்டப் பார்ப்பான். அப்புறம் ஒரு ஒப்பந்தம்: எந்த ராத்திரியாக இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும், "அம்மா, வா" என்று போன் செய்தால் ஆட்டோ பிடித்து வந்து கூட்டிப் போவேன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். வண்டியில் ஏற இஷ்டமில்லாத பையனுக்குக் கும்பலிலிருந்து கழன்றுகொள்ள ஒரு சாக்கு வேண்டும், "எங்கம்மா போன் பண்ணிட்டே இருக்குது மச்சி" என்பதைவிட நல்ல சாக்கு இல்லை. திட்டு வாங்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் அப்பா ஒரு காரியம் செய்யலாம். அறிவுரை வேண்டாம். ஒருநாள் தன் லாரி சீட்டில் பையனை ஏற்றி உட்காரவைத்து, "இங்கிருந்து பார், இடது பக்கம் பைக் வந்தா எனக்குத் தெரியுதா சொல்லு" என்று கேட்கச் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போதுதான், ஓட்டும்போது வேண்டாம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையில் நிற்கும் இடத்தில், பின்விளக்கு எரியாத டிரெய்லர் எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் அவர் காட்டலாம். ஓட்டுகிறவர் வாயால் வந்தால் அதற்கு எடை வேறு.

துணிச்சலே கூடாது என்று நான் சொல்லவில்லை. துணிச்சல் இல்லாத பையன் இந்தப் பக்கத்தில் வளரவே முடியாது. வியாசர்பாடியில் ஃபுட்பால், ராயபுரம் பக்கம் பாக்ஸிங், எதற்கும் கூட்டம் பார்க்கத்தான் வருகிறது, கெத்தும் கிடைக்கிறது, அடிபட்டால் ஐஸ் வைக்க ஒரு கோச் இருக்கிறார். உங்கள் தெருப் பக்கம் ஒரு மைதானம் இருந்திருக்கும், இப்போது அதில் வண்டி நிறுத்துகிறார்கள் என்று பந்தயமே கட்டுவேன். பசங்க ரோட்டுக்கு ஏன் போனார்கள் என்று கமிட்டி போட்டு விசாரிப்பவர்கள் அந்த மைதானத்தைப் போய்ப் பார்க்கட்டும்.

தூக்கம் கெடுவது, படிப்பு திடீரென விழுவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, செத்துப்போகலாம் என்ற பேச்சு, சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியாத அவசரம், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள், இலவசம். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, 18,000 எல்லாம் ஆகாது. காலையில் சீக்கிரமே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள், வரிசை நீளம், யாராவது வந்து, "முன்னாடி அனுப்பறேன், இருநூறு கொடு" என்றால் காதில் வாங்காதீர்கள். யூனிஃபார்மில் கூட்டிப் போக வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் லீவு போட்டுச் சாதாரணச் சட்டையில் வரட்டும், டாக்டரிடம் அவன் தனியாகப் பேசவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.